சூரிய மின்சாரமும் நேரோட்ட ஆளியும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் வழங்குதற்கான திட்டத்திற்கு, இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையுடன், 2024 மார்ச் 1 ஆம் நாள் கொழும்பிலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதிற் சூரியத் தகடுகளின் பங்கு 1,700 கிலோவாற்று ஆகும். எழுவைதீவில் இதற்கு முன்னரே இத்தகைய சிறு கலப்பு நிலையம் அமைந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் 'சோலர்' புகுந்துவிட்டது. தகடுகளின் விலையையும் திறனையும் பற்றிப் பலர் பேசுகின்றனர். தகடுகளுக்கும் இன்வேட்டருக்கும் இடையே நிற்கும் சிறிய ஆளியைப் பற்றிப் பேசுவார் அரியர். தீ விளைவதும் தடுக்கப்படுவதும் பெரும்பாலும் அங்கேயாதலின், அதனைச் சிறிது விளக்குதல் ஈண்டு எம் நோக்கமாகும்.

எம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 முறை சுழல்வதால், 100 முறை பூச்சியத்தைத் தொட்டுச் செல்லும். ஆளியைத் திறக்கும்போது முனைகளுக்கிடையே தோன்றும் பொறி, அடுத்த பூச்சியத்தில் தானே அவிந்துவிடும். தகடுகள் தருவதோ நேரோட்டம். அதற்குப் பூச்சியம் என்பதில்லை. முனைகள் விலகினும் இடைக்காற்றுச் சூடேறிக் கடத்தியாகி, மின்வில் தொடர்ந்து எரியும். செம்பு 1,085 பாகையில் உருகும். மின்வில்லின் வெப்பமோ பல்லாயிரம் பாகை. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சேர் ஹம்பிரி டேவி இரு கரித்துண்டுகளுக்கிடையே இவ்வில்லை ஒளிர்வித்துக் காட்டினார். அன்று விளக்காய் உதவியது இன்று ஆளிக்குப் பகையாயிற்று. ஆகவே, கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆடலோட்ட ஆளியை, "இதுவும் 32 அம்பியர்தானே" எனக் கொண்டு தகட்டுச் சுற்றிற் பூட்டுதல் பெரும் பிழை.

ஆளியைத் தெரிதற்கு முதலில் அழுத்தத்தைக் கணித்தல் வேண்டும். திறந்த சுற்றில் 49 வோல்ற்றுத் தரும் தகடுகள் 18 ஐத் தொடராக இணைத்தால் 882 வோல்ற்று. இது 25 பாகை வெப்பநிலைக்குரிய கணக்கு. குளிரக் குளிர அழுத்தம் ஏறும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.3 வீதம். குளிர்நாடுகளில் இது பெருந்தொல்லை. எம் தீவுகளில் 20 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிதாகலின், 895 வோல்ற்று எனக் கொண்டு 1,000 வோல்ற்று ஆளியைத் தெரியலாம். 20 தகடுகளாயின் 995 வோல்ற்றாகும். அத்துணை நெருங்குதல் நன்றன்று. ஓட்டத்திற்குத் தகட்டின் குறுஞ்சுற்று ஓட்டத்தை 1.25 ஆற் பெருக்குவர். 14 அம்பியர் தகட்டிற்கு 17.5 அம்பியர்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பெட்டியின் முகப்பில் 32 அம்பியர் என்றிருக்கும். அது 500 அல்லது 600 வோல்ற்றுக்கு உரியதாயிருக்கும். 1,000 வோல்ற்றில் அதே ஆளி அதிற் பாதியைக்கூடத் துண்டிக்க வல்லதன்றாகலாம். ஆக்கியோர் தரும் அட்டவணையை அழுத்தத்தோடு பொருத்திப் படித்தல் வேண்டும். ஐ.ஈ.சி. 60947-3 என்னும் நியமத்தின்படி, தகட்டு வரிசைகள் பல பக்கமாக இணையும் இடத்திற்கு 'டீ.சீ. பீ.வீ. 2' என்னும் வகுப்பே தக்கது.

இணைக்கும்போது நேர், மறை ஆகிய இரு கம்பிகளும் ஒருங்கே துண்டிக்கப்படல் வேண்டும். நான்கு முனைவு ஆளியாயின், ஒவ்வொரு கம்பிக்கும் இரு முனைவுகளைத் தொடராக்குவர். வில் இரண்டாகப் பிரிந்து விரைவில் அவியும். சில நேரோட்டத் துண்டிப்பான்களில் நிலைக்காந்தம் ஒன்று வில்லை ஊதித் தள்ளும். அவற்றில் நேர், மறை மாறின், வில் வெளியே செல்லாது உள்ளே திரும்பி ஆளியையே எரிக்கும். எனவே படத்தைப் பார்த்தே பூட்டுக. திருகாணியைக் குறித்த அளவுக்கு முறுக்குக; தளர்ந்த முனை மெல்லச் சூடேறும்.

அவுஸ்திரேலியாவிற் கூரைதோறும் இவ்வாளியை வைக்க வேண்டுமென விதித்தனர். வெயிலிற் கிடந்து, மழைநீர் புகுந்து, அவ்வாளிகளே தீவிபத்துக்களுக்குக் காரணமாயின. 2021 ஆம் ஆண்டு நியமத்தில் அக்கட்டாயத்தை நீக்கினர். உப்புக்காற்றும் மாரியும் உள்ள எம் தீவுகளுக்கு இது பெரும் பாடமன்றோ! ஆளியைக் கூரையில் வையாது, இன்வேட்டரின் அருகே, நிழற்சுவரில் வைத்தல் நலம். கம்பி பெட்டியின் அடியால் நுழைதல் வேண்டும். மேலால் நுழைந்தால் நீர் கம்பி வழியே இறங்கும். மாரி தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை, மின்னிணைப்பாளரைக் கொண்டு பெட்டியைத் திறந்து, களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நிறுத்தும்போது முதலில் ஆடலோட்டப் பக்கத்தை நிறுத்தி, இன்வேட்டர் ஓய்ந்தபின் நேரோட்ட ஆளியைத் திறக்கவேண்டும். ஓட்டம் செல்லும்போது தகட்டுச் செருகிகளை இழுத்துக் கழற்றுதல் கூடவே கூடாது. ஆளியைத் திறந்தபின்னும், வெயில் உள்ளவரை, தகட்டுப் பக்கக் கம்பியில் 900 வோல்ற்று வரை நிற்கும். இன்வேட்டருக்குள்ளேயும் சில நிமிடங்கள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.