பெரிய பைக்கின் எஞ்சின் சூடு: எது இயல்பு, எது குறை, எங்கே முறையிடுவது?

பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி அனைத்தும் வெப்பமாகவே வெளியேறுகிறது. காரில் அந்த வெப்பம் பானெட்டுக்குள் அடங்கிவிடும். பைக்கில் எஞ்சின் ஓட்டுபவரின் இரு கால்களுக்கு நடுவில் இருக்கிறது. 100 சிசி வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. ராயல் என்ஃபீல்டின் 650 வரிசை எஞ்சின் 648 சிசி, ஹோண்டா கோல்டு விங் 1,833 சிசி, ஹார்லி டேவிட்சனின் இன்றைய டூரிங் வண்டிகள் 1,800 சிசிக்கும் மேல். இவற்றில் தொடையும் கெண்டைக்காலும் வெப்பத்தை நேரடியாக வாங்குகின்றன.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் தாலுகா வழியாகச் செல்கிறது. திருமாந்துறை சுங்கச்சாவடி இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். சிக்கல் வருவது மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும்தான். பெரம்பலூர்–அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகளின் பின்னால் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்தால், எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே போகும். அதைத் தணிக்கக் காற்று இருக்காது. சித்திரை, வைகாசி நண்பகலில் வெளிக்காற்றே 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால், வீசுகிற காற்றும் அவ்வளவாகக் குளிர்விப்பதில்லை.

காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் தகடுகள்தான் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. வண்டி நின்றால் அவற்றின் வேலையும் ஏறக்குறைய நின்றுவிடும். திரவத்தால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டரும் மின்விசிறியும் உண்டு. ராயல் என்ஃபீல்டு 2023-இல் ஹிமாலயன் 450-இல் இந்த முறைக்கு வந்தது. ஆனால் எஞ்சினிலிருந்து எடுத்த வெப்பத்தை விசிறி எங்காவது தள்ளியாக வேண்டும். பல வண்டிகளில் அது ஓட்டுபவரின் முழங்காலை நோக்கியே வருகிறது. ஹார்லி நிறுவனம், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பின்சிலிண்டரின் எரிப்பைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. 2014 மாடலில் சில டூரிங் வண்டிகளின் சிலிண்டர் தலைகளுக்குத் திரவக் குளிர்விப்பும் கொடுத்தது. இருக்கையில் அமர்ந்தவரைச் சுடுவது ஓட்டுபவரின் மனப்பிரமை அல்ல, தயாரிப்பாளரே தீர்வு தேடிய பிரச்சினை என்பதற்கு இது போதும். 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பிஎஸ்-6 புகைமாசு விதிகளுக்காகச் சைலன்சரோடு இணைக்கப்படும் வினையூக்கி மாற்றியும் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) கூடுதல் வெப்பத்துக்கு ஒரு காரணம். அது வேலை செய்யவே சில நூறு டிகிரி வெப்பம் தேவை.

உடலுக்கு வரும் ஆபத்தில் முதலாவது தீப்புண். 70 டிகிரி உலோகம் ஒரு நொடிக்குள் தோலைச் சுட்டுவிடும். 60 டிகிரிக்குச் சில நொடிகள் போதும். பலர் அறியாதது, 44 டிகிரி அளவிலான மிதமான சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் என்பது. நீண்ட பயணத்தில் நடப்பது இதுதான். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாமல் போகலாம். அவர்கள் வீடு திரும்பியதும் கால்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். பின்னால் அமரும் பெண்களும் குழந்தைகளும் இறங்கும்போது சைலன்சரில் கால் படுவது ஊரெங்கும் நடக்கிறது. சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. புண் பெரிதாக இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து உடலின் நீரை வற்றவைப்பது. தலைசுற்றல், குமட்டல், கவனச் சிதறல் தெரிந்தவுடன் வண்டியை நிழலில் நிறுத்தியாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழி செய்திருக்கிறது. வெப்பத்துக்குப் பயந்து ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் கழற்றி வைப்பது ஒரு ஆபத்திலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவது. காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட் கடைகளில் கிடைக்கிறது.

மூன்றாவது, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் காணப்படுவது. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தையும் மற்ற தானியங்களையும் சாலையில் காயவைப்பதும் அடிப்பதும் உண்டு. அவற்றின் காய்ந்த தோகையும் சருகும் சைலன்சர் குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே சிக்கினால் தீப்பற்ற வழியுண்டு. அத்தகைய இடத்தைக் கடந்ததும் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்துவிடுவது நல்லது. மாறாக, வெயில் காலத்தில் டேங்க்கை நிரப்பினால் வெடிக்கும் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். தயாரிப்பாளர் குறித்த அளவுவரை நிரப்பலாம் என்று இந்தியன் ஆயிலே விளக்கம் தந்திருக்கிறது.

பராமரிப்பில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். கையேட்டில் குறித்த தரத்தில் எஞ்சின் ஆயிலை உரிய கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். கார் ஆயில் பைக்கின் கிளட்சுக்கு ஒத்துவராது. லாரிப் பாதைகளில் ஓடும் வண்டியின் ரேடியேட்டரிலும் தகடுகளிலும் படியும் சிமென்ட் தூசியை எஞ்சின் ஆறிய பிறகு கழுவ வேண்டும். சூடான எஞ்சினில் தண்ணீர் ஊற்றினால் உலோகம் கோணலாகவோ விரிசல் விடவோ கூடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிடும். வடித்த கூலன்ட்டைத் தெருவில் ஊற்றக் கூடாது. அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் ஆடும் நக்கிவிடும்.

சூட்டைக் குறைப்பதாகச் சொல்லி வினையூக்கி மாற்றியை நீக்கி வேறு சைலன்சர் பொருத்தித் தருவோர் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு வாரண்டி. வண்டியில் உண்மையிலேயே குறை இருந்தாலும், பழியை அந்த மாற்றத்தின் மேல் போடும் வாய்ப்பை உரிமையாளரே நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறார்.

வண்டி சூடாகிறது என்பதற்காக மட்டும் சட்டம் துணைக்கு வராது. எல்லா வண்டியும் சூடாகும். கூலன்ட் பொங்கி வழிவது, விசிறி ஓடாமல் இருப்பது, எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிவது, சூடேறியதும் எஞ்சின் அணைந்துவிடுவது, பிளாஸ்டிக் பாகம் உருகுவது ஆகியவையே குறைபாட்டின் அடையாளங்கள். இவற்றைக் காட்டினால் 'வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்' என்ற வாய்ப்பேச்சுப் பதிலோடு திரும்பி வரக் கூடாது. ஒவ்வொரு முறையும் புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். வெப்பமானி காட்டும் அளவைத் தேதியோடு படமெடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரண்டிப்படி பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட்டது சரியல்ல என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே புது வண்டி கேட்பவர், பாகத்தை மாற்றியும் குறை தீரவில்லை என்பதை ஆவணத்தால் நிறுவ வேண்டியிருக்கும்.

2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கிராமத்து வாங்குநருக்குப் பெரும் வசதி ஒன்றைச் செய்திருக்கிறது: புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பெரிய பைக்கின் ஷோரூம் திருச்சியிலோ சென்னையிலோ இருந்தாலும், குன்னத்துக்காரர் பெரம்பலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், செந்துறைக்காரர் அரியலூர் ஆணையத்திலும் மனு போடலாம். விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கே உரியவை. விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை; 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம்வரை ஆயிரம் ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. வண்டியை ஆய்வுக்கு அனுப்பும்படியும் கேட்கலாம். ஆய்வு தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதம் ஏற்படுவதுண்டு. வழக்குத் தொடரும் முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தால், சில சிக்கல்கள் வழக்கில்லாமலே தீரும்.

ஒரே குறை பலரின் வண்டியில் தென்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி மத்திய அரசு அந்த மாடலையே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். அதற்கான புகாரைப் பரிவாகன் இணையதளத்தில் உரிமையாளர் பதியலாம். வண்டியின் வயது ஏழு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவ்வளவு அவகாசம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்தாக வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கெடு ஓடிக்கொண்டிருப்பதால், முதல் ஜாப் கார்டின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.