ஊசி முனையில் ஆண்மை

வீரியத்தைக் கூட்டுவதாகச் சொல்லி "பரிசோதனை" ஊசிகள் விலைக்கு வருகின்றன. பரிசோதனை என்ற சொல்லின் கனம் என்ன என்பதைத் திருவனந்தபுரம் கால் நூற்றாண்டுக்கு முன்பே கசப்போடு கற்றுக்கொண்டது.

கையிலிருந்து ஒரு சிறு குப்பி ரத்தம் எடுக்கிறார்கள். அதை இயந்திரத்தில் போட்டு வேகமாகச் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிட, மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு திரவம் தெளிகிறது. பிளேட்லெட்டுகள் செறிந்த அந்தப் பிளாஸ்மாவை மெல்லிய ஊசியால் ஆண் குறியில் செலுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மதியம் அலுவலகத்துக்குக்கூடப் போகலாம்.

இதற்கு 'பி ஷாட்' என்று செல்லப் பெயர். 'பி' என்பது பிரியாபஸ். கிரேக்கப் புராணத்தில் எப்போதும் விறைத்த குறியுடன் காட்சி தரும் தோட்டக் கடவுள். சிகிச்சையின் பொதுப் பெயர் பி.ஆர்.பி. இதே கடையில் ஸ்டெம் செல் ஊசியும் உண்டு, பருமனைக் கூட்டும் 'ஃபில்லர்' ஊசியும் உண்டு. ஆதாரம் என்ன என்று கேட்பவருக்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "இது லேட்டஸ்ட் சிகிச்சை, இன்னும் பரிசோதனை நிலையில் இருக்கிறது." கேட்பவரின் காதில் அது எச்சரிக்கையாக விழுவதில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைக்கப்போகிறது என்றுதான் விழுகிறது.

திருவனந்தபுரம் மருத்துவ நகரம். 1951ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, அதை ஒட்டி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம் என்று ஒரே பகுதியில் பெரிய நிறுவனங்கள். கேரளத்தவர் மட்டுமல்ல, நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ரயிலேறி வரும் தமிழர்களும் இங்கே ஏராளம். இதயத்துக்கும் புற்றுநோய்க்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். ஆண்மைக் குறைவுக்கு வைத்தியம் தேடுபவர் மட்டும் எந்த ஊரிலும் தனியாகத்தான் போகிறார். சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். மனைவிக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஏமாற்றப்பட்டால் புகார் கொடுக்கவும் மாட்டார். இந்த வெட்கம்தான் வியாபாரத்தின் மூலதனம். அந்தக் காலத்து லாட்ஜ் வைத்தியருக்கும் இந்தக் காலத்து ஏ.சி. கிளினிக்குக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

நகரம் மறக்கக் கூடாத ஊசி

'பரிசோதனை ஊசி' என்ற சொல் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1999 நவம்பருக்கும் 2000 ஏப்ரலுக்கும் இடையே இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோய் கண்ட 26 பேரின் கட்டிகளில் ஒரு புதிய ரசாயனம் ஊசியாகச் செலுத்தப்பட்டது. அமெரிக்கப் பாலைவனப் புதர் ஒன்றில் கிடைக்கும் பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது அது. கண்டுபிடித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியை ரூ சீ ஹுவாங்.

2001 ஜூலையில் விஷயம் வெளியே வந்தது. கேள்வி எழுப்பியவர் அதே மையத்தில் பணியாற்றிய டாக்டர் வி.என். பட்டதிரி. தங்களுக்குத் தரப்பட்டது சோதனை மருந்து என்பதே தெரியாது என்று சில நோயாளிகள் பத்திரிகைகளிடம் கூறினார்கள். மையமோ தன் செயலை நியாயப்படுத்தி வாதிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விசாரித்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் விலங்குகளிடம் மருந்து போதிய அளவு சோதிக்கப்படவில்லை, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் குழுவிடம் அனுமதி பெறவில்லை என்று 2001 நவம்பரில் அறிவித்தது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிக்கு அந்தப் பேராசிரியை இனித் தலைமை தாங்கக் கூடாது என்றும் தடை விதித்தது.

ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகமும் ஒரு பெரிய மருத்துவமனையும் சேர்ந்து செய்த வேலையிலேயே இவ்வளவு ஓட்டை. அங்கே நோயாளிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்கே முறையான சோதனை வேண்டும், தெளிவான சம்மதம் வேண்டும் என்று நாடு முழுவதும் குரல் எழுந்தது. அப்படியிருக்க, ஒரு தனியார் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு போடப்படும் ஊசிக்குப் 'பரிசோதனை' என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

கினிப்பன்றி முதல்

ஊசியால் ஆண்மையை மீட்கும் ஆசைக்கு நூற்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1889 ஜூன் 1ல் பாரிஸ் விஞ்ஞானிகள் கூட்டத்தில் 72 வயது சார்ல்ஸ் பிரௌன் செகார் எழுந்தார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். உடல் வலிமை திரும்பிவிட்டது, மாடிப்படிகளை ஓடியே ஏறுகிறேன், சிறுநீர்கூட முன்பைவிடத் தூரம் பாய்கிறது என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. நரம்பியலில் இன்றும் ஒரு நோய்க்கூறு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் 2002ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அவர் சொன்ன முறையிலேயே சாற்றைத் தயாரித்து அளந்து பார்த்தார்கள். ஆண் ஹார்மோன் தண்ணீரில் கரையாது. எனவே சாற்றில் இருந்த ஹார்மோன் எந்த விளைவையும் உண்டாக்கப் போதாது. கிழவரை மாடிப்படி ஏற்றியது அவரது நம்பிக்கை.

எல்லா ஊசியும் பொய்யல்ல. 1982ல் பாரிஸின் ரொனால்ட் விராக், பப்பாவரின் என்ற மருந்தைக் குறியில் செலுத்தினால் விறைப்பு ஏற்படுவதைக் காட்டினார். மறு ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சிறுநீரியல் டாக்டர்கள் மாநாட்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜைல்ஸ் பிரிண்ட்லி இன்னும் ஒரு படி மேலே போனார். தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையில் பேன்ட்டை இறக்கி விளைவைக் காட்டினார். சபை திகைத்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஊசி மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது. அந்த வகையில் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசிக்கு 1995ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 1998ல் வயாகரா மாத்திரை வந்த பிறகு ஊசியின் தேவை குறைந்தது.

அந்த ஊசிக்கும் ஆபத்து உண்டு. அளவு தவறினால் விறைப்பு அடங்காது. நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் திசு அழியத் தொடங்கும், அவசர சிகிச்சை தேவைப்படும். ஆனால் இந்த ஆபத்து எவ்வளவு, எப்படிச் சமாளிப்பது என்பது டாக்டர்களுக்குத் தெரியும். சோதித்துப் பார்த்த மருந்தின் லட்சணம் அது.

உப்பு நீரின் வெற்றி

பி.ஆர்.பி. ஊசி சோதிக்கப்படவில்லையா? சோதிக்கப்பட்டது. கிரீஸின் தெசலோனிகி நகரில் 60 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2021ல் வெளியானது. ஆறு மாத முடிவில் பிளாஸ்மா பெற்றவர்களில் 69 சதவிகிதத்தினர் முன்னேற்றம் கண்டார்கள். வெறும் உப்பு நீர் பெற்றவர்களில் 27 சதவிகிதம். கிளினிக்குகளுக்குக் கொண்டாட்டம்.

அடுத்து அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் 61 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. எது பிளாஸ்மா, எது உப்பு நீர் என்பது நோயாளிக்குத் தெரியாது. 2023ல் முடிவு வந்தது. ஒரு மாதத்தில் பிளாஸ்மா பெற்றவர்களில் 58 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம். உப்பு நீர் பெற்றவர்களில் 54 சதவிகிதம். இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

உப்பு நீர் ஊசியாலேயே பாதிப் பேருக்கு மேல் குணம் தெரிகிறது என்றால், "எனக்குப் பலன் இருந்தது" என்று ஒருவர் சொல்வதற்கு என்ன மதிப்பு? அவர் பொய் சொல்லவில்லை. ஊசிதான் காரணம் என்பதற்கு அது சாட்சி ஆகாது, அவ்வளவுதான். பி.ஆர்.பி.யைப் பரிசோதனை நிலையிலேயே வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டு நெறி. ஸ்டெம் செல் விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இன்னும் கறார். சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்ற எதற்கும் முறையான ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்கிறது அதன் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி.

பருமனும் ஹார்மோனும்

விறைப்புக் கோளாறாவது ஒரு நோய். 'அளவு போதவில்லை' என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை. பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் டாக்டர்கள் அளந்த கணக்குகளைத் தொகுத்து 2015ல் ஒரு பிரிட்டிஷ் குழு வெளியிட்டது. விறைத்த நிலையில் சராசரி நீளம் 13 சென்டிமீட்டர் சொச்சம். பெரும்பாலானவர்கள் இதற்கு அருகிலேயே இருக்கிறார்கள். படங்களைப் பார்த்துப் பயந்தவர்களுக்குத் தேவை ஓர் அளவுகோல், ஊசி அல்ல.

1899ல் வியன்னாவின் கெர்சுனி என்ற அறுவை நிபுணர், விதை இழந்த ஒருவருக்கு வாஸலினை ஊசியாகச் செலுத்தி உருவம் கொடுத்தார். பாரபின், சிலிகான் என்று அந்த வழக்கம் தொடர்ந்தது. இவை உள்ளே கட்டி தட்டும், இடம் பெயரும், தோலைப் புண்ணாக்கும். கடைசியில் தோலையே வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டி வரும். திரவ சிலிகானை உடலை உருவேற்ற ஊசியாகப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017ல் எச்சரித்தது.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களிடம் புழங்கும் டெஸ்டோஸ்டெரோன் ஊசியின் கதை வேறு. ரத்தத்தில் அந்த ஹார்மோன் நிஜமாகவே குறைந்தவருக்கு அது மருந்து. மற்றவருக்கு? வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணுக்கள் வற்றும். உலக சுகாதார நிறுவனம் 1990ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரந்தோறும் போடப்பட்ட இந்த ஊசி சோதிக்கப்பட்டது ஆண்களுக்கான கருத்தடையாக. ஆண்மை கூட வேண்டும் என்று போட்டுக்கொள்ளும் ஊசி, பிள்ளை பிறக்காமல் செய்துவிடலாம்.

சட்டம் இருக்கிறது

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954லேயே வந்துவிட்டது. பாலின்பத் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். குறியின் அளவையும் உருவத்தையும் மேம்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்கிறது மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. பதஞ்சலி குழுமத்தின் திவ்யா பார்மசி விளம்பரங்கள் மீது 2024ல் கோழிக்கோடு, பாலக்காடு உள்ளிட்ட இடங்களில் வழக்குத் தொடர்ந்தது. அவை ஊசி விளம்பரங்கள் அல்ல. ஆனால் சட்டத்துக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

கிளினிக்குகள் சாமர்த்தியமானவை. மருந்து என்று சொல்வதில்லை, 'புத்துணர்வு', 'நலம்' என்கின்றன. குணமாகும் என்று எழுதுவதில்லை, சிரிக்கும் தம்பதியின் படத்தைப் போடுகின்றன.

ஊசி மறைக்கும் நோய்

இதில் பணம் போவது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பு முதலில் தெரிவது அங்கேதான். நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே விறைப்புக் கோளாறு தலைகாட்டக்கூடும். சர்க்கரை நோயும் இதே வழியில் வரும். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 25.5 சதவிகிதத்தினருக்குச் சர்க்கரை நோய். அதாவது நான்கில் ஒருவர். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தால், சர்க்கரை நோயுள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு விறைப்புக் கோளாறும் இருக்கிறது.

ஆக, 45 வயதில் படுக்கையில் தோற்றுப்போனதாக நினைக்கும் ஒருவருக்கு உடல் ஒரு தந்தி அனுப்பியிருக்கலாம். அரசு மருத்துவமனையில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்தால் அதைப் படித்துவிடலாம். கிளினிக் அதைப் படிக்காமலேயே ஊசி போட்டு அனுப்பிவிட்டால், அடுத்த தந்தி மாரடைப்பாக வரும்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

● இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன?

● எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி அந்தக் குழு பதிவு பெற்றிருக்க வேண்டும்.

● எனக்கு ஏன் கட்டணம்? ஆராய்ச்சிக்கான செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.

● பாதிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? முறையான மருந்துச் சோதனையில் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

● ரத்தச் சர்க்கரையும் இதயமும் பார்த்தாகிவிட்டதா?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் யோசிக்கலாம். 'பரிசோதனை' என்று சொல்லி ரசீது நீட்டினால் எழுந்து வந்துவிடலாம். பரிசோதனைக்கு வருபவரிடம் ஆராய்ச்சியாளர்தான் கடன்பட்டவர். பணம் கேட்கும் இடத்தில் நடப்பது வியாபாரம்.