உஷார்! ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்...

கவுன்சலிங்கில் சீட் கிடைத்த கையோடு ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்ட ஓடுகிறார்கள் பெற்றோர்கள். எந்தக் கல்லூரி என்று பத்துப் பேரிடம் விசாரித்தவர்கள், பிள்ளை தங்கப்போகும் இடத்தை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்!

முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

கல்லூரி விடுதி: முதலாண்டுக்குத் தனி பிளாக் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கூடியவரை புதிய மாணவர்களைத் தனி பிளாக்கில் தங்க வைக்க வேண்டும், அது இல்லாத இடத்தில் சீனியர்கள் வந்துபோவதை வார்டன் கண்காணிக்க வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகள். ‘எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க’ என்று பதில் வந்தால், இரவில் வார்டன் எங்கே தங்குகிறார் என்று அடுத்துக் கேளுங்கள். சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டது 1996-இல். அந்தக் கொடூரத்துக்குப் பிறகுதான் 1997-இல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டமே வந்தது.

தனியார் ஹாஸ்டல்: மிக மிக உஷாராக இருக்க வேண்டிய இடம் இதுதான். பெண்கள் விடுதி நடத்த, 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட நிர்வாகத்தின் உரிமம் கட்டாயம். அதைக் காட்டச் சொல்லுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்கள் சிக்கின; கைதானவர் விடுதியை நடத்தியவரே. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்து உயிர்கள் போயின.

அதனால் ஏசி, வைஃபை எல்லாம் அப்புறம். மாடிக்கு ஏறிப் பாருங்கள். இரண்டாவது படிக்கட்டு உண்டா? ஜன்னல் கம்பி திறக்கிற மாதிரி இருக்கிறதா, வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறார்களா? ராத்திரி பத்து மணிக்குப் பூட்டும் கிரில் கேட்டின் சாவி யார் கையில் இருக்கும்? அவர் எந்த மாடியில் தூங்குவார்? மாடிப்படிக்குக் கீழே கேஸ் சிலிண்டரும் பழைய மெத்தைகளும் குவிந்து கிடந்தால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

பணம் கட்டினால் ரசீது கட்டாயம். பாதியில் காலி செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மெஸ் கட்டணம் தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

நண்பர்களோடு வாடகை வீடு: முதல் வருடம் வேண்டவே வேண்டாம். காய்ச்சலில் படுத்தாலும், இரவு வீடு திரும்பாவிட்டாலும் கேட்க ஆள் கிடையாது.

மூன்றையும் ஒப்பிட்டால் என் முடிவு இதுதான்: தனி பிளாக்கும் உள்ளேயே தங்கும் வார்டனும் இருந்தால், சாப்பாடு சுமாராக இருந்தாலும் முதலாண்டுக்குக் கல்லூரி விடுதியே மேல். ஊர் பழகி, மனிதர்கள் பழகிய பிறகு வெளியே போவதைப் பற்றி யோசிக்கலாம்.

மாணவர்களே, ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண். கல்லூரிக்கு வெளியே தங்கினாலும் புகார் செய்யலாம். இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, நேரில் போய்ப் பார்க்காத ஹாஸ்டலுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்!