ஆற்றங்கரையின் எல்லையை ஏரி வரைகிறது

அடையாற்றின் கரையில் வீடு வாங்க நினைப்பவர் பல கேள்விகள் கேட்பார். மெட்ரோ எவ்வளவு தூரம்? அலுவலகம் போக எத்தனை நிமிடம்? குடிநீர் இணைப்பு உண்டா? பால்கனியில் நின்றால் ஆறு தெரியுமா? ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

அந்த வீட்டின் தரைத்தளத்துக்குள் ஆறு வருமா வராதா என்பதற்கு இந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது. ஆற்றங்கரைகளைப் பூங்கா, அடுக்குமாடி, அலுவலகம், ரயில் என்று புதுப்பிக்கும் ஆசை இன்று உலகின் எல்லாப் பெருநகரங்களுக்கும் உண்டு. அடையாற்றைச் சீரமைக்கும் பெருந்திட்டத்தைத் தமிழக அரசும் அரசு-தனியார் பங்களிப்பில் முன்னெடுக்கிறது. கரை எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்கலாம் என்ற கோட்டை வரைபட மேசையில் வரைகிறார்கள். உண்மையில் அந்தக் கோட்டை வரைவது மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும், அந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் நிலமும்.

ஒரு சென்டிமீட்டர் மழை

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது தெற்கே விரிந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆக, நிறைந்த ஏரியில் ஏறத்தாழ 10,300 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். கரையருகே 2007-இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. முழுத்திறனில் ஓடினாலும், ஆவியாவதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு நிறைந்த ஏரி ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும்.

இந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்து, ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் ஓடிவந்தால், ஏரிக்கு வருவது 350 கோடி லிட்டர். கன அடியில் சுமார் 125 மில்லியன். அப்படியே 30 சென்டிமீட்டர் பெய்தால், வறண்டு கிடக்கும் ஏரியும் கரைதொட்டு நிரம்பிவிடும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியையொட்டிய 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் பதிவான மழை 47 சென்டிமீட்டர். அப்போது ஏரி வறண்டும் இல்லை. நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. மண் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருந்தது. மேல் ஏரிகளும் கலங்கல் வழிந்துகொண்டிருந்தன. மதகுகள் வழியே விட்ட தண்ணீர் நொடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது. நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல்! அந்த வேகத்தில் ஒரு முழு நாள் ஓடினால், ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றுக்குள் போய்விடும்.

ஆற்றில் வந்தது அது மட்டுமல்ல. அடையாற்றுக்கு இரண்டு கைகள். ஒன்று, செம்பரம்பாக்கத்தின் உபரிநீர். அதற்கு மதகு உண்டு, திறக்கவும் மூடவும் முடியும். இன்னொன்று ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் பக்கமிருந்து வரும் தண்ணீர். அதைப் பிடித்து நிறுத்த அப்படி ஒரு பெரிய மதகு கிடையாது. இரண்டும் திருநீர்மலை அருகே சேர்கின்றன. அன்று இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஊரை மூழ்கடித்தன.

கூரைகள் மாற்றிய கணக்கு

இப்போது மேற்கே பார்ப்போம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் பெருகின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே ஒரு வளாகத்துக்குள் குடியேறியது போல. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டிக்கும் திட்டமும் வந்திருக்கிறது. லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த வழித்தடத்தின் சம்பளத்தில் வாழ்கின்றன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த வழித்தடத்தின் கணிசமான பகுதி செம்பரம்பாக்கத்தின் நீர்ப்பிடிப்பிலோ அடையாறு பிறக்கும் பகுதியிலோ இருக்கிறது. நெல் வயலுக்கு வரப்பு உண்டு. வரப்பு ஒரு சாண் உயரம் என்றால், ஒரு சாண் மழையை அந்த வயல் தன்னிடமே நிறுத்தி வைக்கும். கொஞ்சம் மண்ணில் இறங்கும், கொஞ்சம் மெல்லக் கசியும். தொழிற்கூடத்தின் தகரக் கூரைக்கும் லாரி நிறுத்தத்தின் சிமெண்டுத் தரைக்கும் வரப்பு இல்லை. 40 ஹெக்டேர் வளாகம் முழுவதும் மூடப்பட்டிருந்தால், 30 சென்டிமீட்டர் மழையில் அது வெளியே தள்ளும் தண்ணீர் 12 கோடி லிட்டர்.

தண்ணீரின் அளவு கூடுவது பாதிக் கதைதான். வெள்ளத்தை உண்டாக்குவதில் நேரத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு. வயலிலும் வரத்துக் காலிலும் தவழ்ந்து வரும் தண்ணீர் ஏரியை அடையப் பல மணி நேரம் ஆகும். கூரையிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து வடிகாலுக்கும் பாயும் தண்ணீர் வெகு சீக்கிரம் வந்துவிடும். முன்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்த தண்ணீரெல்லாம் இப்போது ஒரே வேளையில் ஏரியின் வாசலில் வந்து நிற்கிறது. மழை மாறாவிட்டாலும் வெள்ளத்தின் உச்சி உயர்ந்துவிடுகிறது.

நம் முன்னோர் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். தொண்டை மண்டலத்தில் வற்றாத பெரிய ஆறு இல்லை. மழை வந்தால் மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் மேட்டிலிருந்து பள்ளம் வரை ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் போக்குக் கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் இப்படித்தான் செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்தும். பாசனத்துக்காகக் கட்டிய இந்தச் சங்கிலி, கீழே உள்ள ஊர்களுக்கு வெள்ளக் காப்பாகவும் இருந்தது. வயல் போன பிறகு ஏரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வயல் இல்லாத இடத்தில் ஏரியின் வேலை இரட்டிப்பாகிறது.

மதகை எப்போது திறப்பது?

நவம்பர் மாதத்தில் செம்பரம்பாக்கம் மதகுக்குப் பொறுப்பான பொறியாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். குடிநீருக்காக ஏரி நிறைய வேண்டும். வெள்ளத்தைத் தாங்க ஏரியில் இடம் வேண்டும். இரண்டும் ஒரே ஏரியில், ஒரே மாதத்தில். வடகிழக்குப் பருவமழை தவறினால் அடுத்த மழைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2019 கோடையில் இந்த ஏரி வறண்டு வெடித்தது. மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைக்கூடச் சென்னைக்கு எடுத்து அனுப்ப நேர்ந்தது. நாலே ஆண்டுக்கு முன் ஊரை மூழ்கடித்த ஏரி அது.

2018-இல் வெளியான இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2015-இல் ஏரியை இயக்கிய விதத்தைக் கடுமையாகக் குறைகூறியது. அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது நிர்வாகம் வேறு வழியில் போனது. நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், இன்னும் 2 அடி மிச்சமிருக்கும்போதே, முதலில் நொடிக்கு 1,000 கன அடி என்று திறந்து, வரத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டினார்கள். 24 அடி ஏரியில் அந்த 2 அடி இடம் விலைமதிப்பற்றது. மழை வருவதற்கு முன்பே, எவ்வளவு வரும் என்று அறிந்து திறக்க முடிந்தால் இன்னும் பெரிய இடம் கிடைக்கும். வானிலை முன்கணிப்பின் ஒவ்வொரு முன்னேற்றமும் ஏரியின் கொள்ளளவைக் கூட்டுவதற்குச் சமம்.

அகலம், ஆழம், வேகம்

மதகைத் தாண்டிய தண்ணீர் கடலுக்குப் போக 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நிறைந்த ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 85.4 அடிதான், அதாவது 26 மீட்டர். ஆகவே சராசரிச் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு தட்டையான வழியில் தண்ணீர் தானாக விரைந்து ஓடாது. போதாக்குறைக்கு, முகத்துவாரத்தில் அலைகள் மணலைக் கொண்டுவந்து திட்டுப் போடுகின்றன. புயலில் கடல்மட்டம் உயர்ந்தால் ஆற்றின் வாய் பாதி அடைத்தது போலாகும்.

ஒரு நொடியில் ஆறு கடத்தும் நீரின் அளவு, அகலத்தை ஆழத்தாலும் வேகத்தாலும் பெருக்கினால் வரும். ஆற்றங்கரைத் திட்டம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், ஆழமும் வேகமும் சேர்ந்து ஒன்றரை மடங்காக வேண்டும். இரண்டும் கூடாவிட்டால் தண்ணீர் கரை தாண்டும். வேகம் கூட்டக் கான்கிரீட் சுவர் எழுப்பினால், வெள்ளம் அடுத்த ஊருக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

அகமதாபாத்தின் சபர்மதி இந்தியாவில் பலரும் சுட்டிக்காட்டும் முன்மாதிரி. இரு பக்கமும் ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி, ஆற்றைச் சீராக 263 மீட்டர் அகலத்துக்குள் கொண்டுவந்து, சுமார் 200 ஹெக்டேர் நிலத்தை மீட்டார்கள். அங்கே ஆண்டு முழுவதும் தெரியும் தண்ணீரில் பெரும்பங்கு நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. அடையாற்றுக்கு அப்படிக் கடன் கொடுக்க ஒரு நர்மதை இல்லை. நகரத்தையே தவித்த வாய்க்குத் தண்ணீர் தேடவைக்கும் கோடையில், ஆற்றை அழகாகக் காட்டத் தண்ணீர் வாங்க முடியாது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரம் நேர் எதிரான வழியைத் தேர்ந்தது. 1995-இல் வெள்ள அச்சத்தால் அந்நாட்டில் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்தது. அதன்பின், வால் ஆறு குறுகி வளையும் அந்த இடத்தில், கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். ஆற்றுக்குப் பக்கவாட்டில் புதிதாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ள உச்சியில் நீர்மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறையும்படி ஆனது. நடுவில் ஒரு தீவு பிறந்தது; பாலங்களும் பூங்காவும் வந்தன; வடகரையில் புதிய குடியிருப்பு நகரம் வளர்கிறது. அதற்காக ஏறத்தாழ 50 வீடுகளை இழக்க வேண்டியிருந்தது. ஆறு அகலமானதோடு நகரமும் வளர்ந்தது. ஆற்றுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு மிச்சத்தில் கட்டினாலும் அழகான நகரம் கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டுவதற்கு முன்

நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் எடுப்பவர், கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அந்த நூறாண்டு வெள்ளத்தின் அளவும் பழைய மழையையும் பழைய நிலத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. கூரைகள் பெருகப் பெருக அந்த 26 உயரும்.

ஆகவே கரையோர அடுக்குமாடியின் தரைத்தளத்தில் மின்னறையும் ஜெனரேட்டரும் இருக்கக் கூடாது. 2015-இல் பலரைக் கொன்றது தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீரால் நின்றுபோன மின்சாரமும்தான். மெட்ரோ நிலையத்தின் வாசல், அந்த இடத்தில் 2015-இல் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஓடுபாதைக்கு அடியில் அடையாறு ஓடும் நம் விமான நிலையம் அந்த டிசம்பரில் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது.

ஆற்றுக்கு விட்ட இடம் உண்மையில் யாருக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டன. ஆற்றுக்கு இடம் வேண்டும் என்று அவர்களை எழுப்பினோம். அதே இடத்தில் கண்ணாடி மாளிகை எழுந்தால், அவர்களுக்குச் சொன்ன காரணம் பொய்யாகிவிடும்.

அதைவிட முக்கியமான வேலை ஆற்றங்கரையில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு தொழில் வளாகமும் தன் கூரையில் விழும் மழையைத் தன் எல்லைக்குள்ளேயே சில மணி நேரம் தேக்கி வைக்கக் குளம் வெட்டட்டும். வரத்துக் கால்களை அடைக்காமல் சாலை போடட்டும். வரப்போகும் மெட்ரோத் தூண்கள் ஏரிச் சங்கிலியை அறுக்காமல் நிற்கட்டும். ஆதனூர்ப் பக்கத்து வெள்ளத்தைத் தடுக்க ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் பணி எடுக்கப்பட்டது. அத்தகைய பணிகள் அடையாற்றங்கரைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

அந்தத் திட்டத்தின் வரவுசெலவில் நடைபாதைக்கும் விளக்குக்கும் ஒதுக்கும் பணத்துக்கு முன், மேலே உள்ள ஏரிகளின் கலங்கலுக்கும் கால்வாய்க்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கரையில் தைரியமாக வீடு கட்டலாம். இல்லையென்றால் அடுத்த டிசம்பரை நம்பித்தான் குடியேற வேண்டும்.