கார் சூடாகிறதா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் திடீரென நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்கிறோம். பிறகு கேபிள், ராம் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். கார் என்ஜினுக்கும் இதே வழிதான். ஆனால் இங்கே அவசரப்பட்டால் கை வெந்துவிடும்!

சென்ற மே மாதம் உசிலம்பட்டியிலிருந்து மதுரை திரும்பும்போது, செக்கானூரணி அருகே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். "டேய், கையை எடுடா!" என்று அப்பா அதட்டினார். அவர் சொன்னதுதான் சரி. ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விலகி, நீராவியாக முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எனவே வேறொரு வண்டியில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். மறுநாள் காலை, என்ஜின் நன்றாக ஆறிய பின் இப்படிச் சோதித்தோம்.

1. கூலன்ட்: ரிசர்வ் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா, குழாய்களில் கசிவு உண்டா என்று பாருங்கள். போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். கெட்டிலில் படிவது போல ரேடியேட்டரிலும் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கார் கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள்.

2. பிழைச் செய்தி: ஸ்டியரிங்கின் கீழே 16 பின்கள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். 2013-க்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் இது உண்டு. புளூடூத் அடாப்டரைச் செருகி, அதற்கான ஆப்பை மொபைலில் திறந்தால் என்ஜின் வெப்பநிலையும் பிழை எண்ணும் தெரியும். எங்களுக்கு வந்தது பி0480. அதாவது, ரேடியேட்டர் விசிறியின் மின்சுற்றில் கோளாறு. எந்த உதிரிபாகம் பழுது என்பதை இந்த எண் சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

3. விசிறி: வெட்டவெளியில் என்ஜினை ஓட விட்டு, ஏசியைப் போட்டோம். விசிறி சுற்றவில்லை. மொபைலில் 103 டிகிரி காட்டியதும் அணைத்துவிட்டோம். பியூஸ் நன்றாகவே இருந்தது. ஹாரனுக்கும் அதே வகை ரிலே என்பதால், அதைக் கழற்றி விசிறிக்குப் போட்டோம். விசிறி சுற்றியது! புது ரிலே வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: என்ஜின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுற்றலாம். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

மேல் குழாய் கொதித்து, கீழ்க் குழாய் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். என்ஜின் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.

முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியிருந்தால், ஒரு ரிலேயோடு முடிந்த செலவு என்ஜின் செலவாகியிருக்கும்!