என்டர் தட்டிய அந்த நொடியில்!

லினக்ஸ் கணினியில் வைஃபை டிரைவர் மாட்யூலை ஏற்ற மோட்புரோப் கட்டளை கொடுக்கிறீர்கள். கண் இமைப்பதற்குள் ஒற்றை வரியில் பிழைச்செய்தி! அந்த இமைப்பொழுதுக்குள் கர்னல் என்னென்ன சோதித்து முடித்திருக்கிறது தெரியுமா? வாங்க, உள்ளே எட்டிப் பார்க்கலாம்!

கர்னல் முதலில் பார்ப்பது மாட்யூல் கோப்பின் வாலை! கையெழுத்திட்ட மாட்யூல் என்றால் அதன் கடைசியில் ‘மாட்யூல் சிக்னேச்சர் அப்பெண்டட்’ என்ற சொற்கள் பச்சையாகவே எழுதப்பட்டிருக்கும். செக்யூர் பூட் இயங்கும் பல கணினிகளில் அது இல்லையென்றால் கதவு திறக்காது. பழைய கர்னல்களில் ‘ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்’ என்பது அங்கே பிறந்த செய்திதான்; புதியவற்றில் பெரும்பாலும் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வரும். மோக்யூட்டில் என்ற கருவி மூலம் உங்கள் சாவியைப் பதிந்து, அதைக் கொண்டு மாட்யூலில் கையெழுத்திட்டால் வழி பிறக்கும்.

அடுத்து வருகிறது எனக்கு மிகவும் பிடித்த இடம்: வெர்மேஜிக்! எந்தக் கர்னல் பதிப்புக்காக, எந்த அமைப்புகளோடு கட்டப்பட்டது என்ற விவரம் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு சரமாகப் பொதிந்திருக்கிறது. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல அதைக் கர்னல் தன்னுடைய சரத்தோடு வைத்துப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால், திரையில் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’. கோப்பே கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்! பெரும்பாலும் கர்னல் புதுப்பிக்கப்பட்டிருக்கும். மாட்யூல் பழையதற்குக் கட்டியது. புதிய கர்னலின் ஹெடர் கோப்புகளை நிறுவி, மறுபடி கட்டினால் போதும். டெல் நிறுவனத்தில் 2003-இல் உருவான டிகேஎம்எஸ் என்ற கருவி இந்த வேலையைத் தானாகவே செய்து தருகிறது. மோட்புரோப்பில் வெர்மேஜிக்கை மீறிக் கட்டாயமாக ஏற்றவும் வழியுண்டு. வேண்டவே வேண்டாம், கணினி உறைந்துபோகலாம்.

பிறகு சிம்பல்கள், அதாவது ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்கள். மாட்யூல் கேட்கும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் கர்னல் தேடிப் பிணைக்கிறது. 2.6 பதிப்புக்கு முன் இந்தப் பிணைப்பு வேலை, மாட்யூலை ஏற்றும் இன்னொரு கட்டளையான இன்ஸ்மாடின் தலையில் இருந்தது; அதைக் கர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தவர் ரஸ்டி ரஸ்ஸல்! துணை மாட்யூல் ஏறாமலிருந்தால் ‘அன்நோன் சிம்பல்’ வரும். மோட்புரோப் துணைகளையும் சேர்த்தே ஏற்றிவிடும், இன்ஸ்மாட் ஏற்றாது.

‘நோ சச் டிவைஸ்’ வந்தால் இன்னும் சுவாரசியம்! எல்லாச் சோதனையும் தாண்டி மாட்யூல் ஓடவே தொடங்கிவிட்டது. தனக்குரிய வன்பொருள் கிடைக்காததால் தானே திரும்பிவிட்டது.

திரையில் வரும் அந்த ஒற்றை வரி வெறும் சுருக்கம். வெர்மேஜிக் சிக்கலானால் இரண்டு சரங்களையும், சிம்பல் சிக்கலானால் அதன் பெயரையும் கர்னல் தன் பதிவேட்டில் எழுதியே வைத்திருக்கிறது. அடுத்த முறை பிழை வந்தால், வேறெங்கும் தேடுவதற்கு முன் அந்தப் பதிவேட்டைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை சுடோவோடு கொடுத்து, கடைசிச் சில வரிகளைப் படியுங்கள்.