பி12 'நார்மல்' என்று வந்தால்

டீயைக் குடியுங்கள், ரிப்போர்ட் எங்கும் ஓடிவிடாது. பி12 அளவு 240 பிகோகிராம். லேப்காரர் 'நார்மல்' என்று போட்டிருக்கிறார். ஆனால் அப்பாவுக்குப் பாதம் மதமதக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்கிறீர்கள். எதை நம்புவது என்பதுதானே கேள்வி?

நான் பாதத்தை நம்புவேன்.

மில்லிலிட்டருக்கு 200-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பது பொதுவான கணக்கு. 200 முதல் 300 வரை சந்தேகத்துக்குரிய இடம். லேப் அளப்பது ரத்தத்தில் உள்ள மொத்த பி12-ஐ. அதில் பெரும்பகுதி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுவது, திசுக்களுக்கு உதவாது. அதனால் எண் சுமாராக இருக்கும்போதே நரம்பு பட்டினி கிடக்கலாம்.

இங்கேதான் எம்எம்ஏ என்ற சோதனை உதவும். மெத்தில்மலோனிக் அமிலத்தை உடம்பு பயன்படுத்திக்கொள்ள பி12 வேண்டும். அது போதாதபோது அமிலம் ரத்தத்தில் தேங்கும். ஹோமோசிஸ்டீனும் ஏறும், ஆனால் ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் அது ஏறுமே! எம்எம்ஏவிலும் ஒரு வில்லங்கம் உண்டு: சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பற்றாக்குறை இல்லாமலே கூடுதலாகக் காட்டும். கிரியாட்டினினையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதலடையவும் முடியாது. ரத்தசோகை வராமலே நரம்பு கெடுவதுண்டு. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து, அவற்றின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 100-ஐத் தாண்டும் என்பது பாடப்புத்தகம். இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்தால் அணுக்கள் சிறுக்கப் பார்க்கும். பெருப்பதும் சிறுப்பதும் சேர்ந்து எம்சிவி சரியாக இருப்பதுபோல வந்துவிடும். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை தேறிவிடும், நரம்புச் சேதம் பாட்டுக்குத் தொடரும். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

மீன் குழம்பு இல்லாமல் சாப்பிடாதவருக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். வயதாக ஆக, பலருக்கு இரைப்பையின் உள்சுவர் நலிந்து அமிலம் குறைகிறது. வருஷக்கணக்காகப் போடும் கேஸ் மாத்திரை, அதாவது பான்டோபிரசோல் வகை, இன்னும் குறைக்கிறது. சுகருக்கான மெட்ஃபார்மின் உறிஞ்சுவதிலேயே கை வைக்கிறது. கல்லீரல் சில வருஷங்களுக்கான பி12-ஐச் சேர்த்து வைத்திருக்கும். குதிரில் நெல் இருக்கும்வரை வீட்டில் பஞ்சம் தெரியாதே, அப்படித்தான். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு முன்னதாகவே தெரியும், அவ்வளவுதான்.

சுகர்காரரின் கால் மதமதப்பை எல்லாம் சுகர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். பி12-ம் காரணமாக இருக்கலாம். அது ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுகட்டக்கூடியது. நாள் தள்ளினால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு 'சத்து ஊசி' போட்டுவிடாதீர்கள். போட்டால் அடுத்த பி12 ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.